யாத்திரையின் திருப்தி எங்கே பிறக்கிறது?

கோடை விடுமுறை நெருங்கும் மாதங்களில் முசஃபாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பட்டியல் உருவாகத் தொடங்கும். ஊருக்குப் போகும்போது தரிசிக்க வேண்டிய கோயில்களின் பட்டியல் அது. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு அமீரகத் தொழிற்சட்டம் தரும் உரிமை. ஆயினும் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அன்பர்களில் பலர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் ஊர் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தச் சில வாரங்களுக்குள் பெற்றோருடன் இருக்க வேண்டும்; கல்யாணம், காதுகுத்து என்றால் கலந்துகொள்ள வேண்டும்; நிலத்து விவகாரம், வீட்டு மராமத்து, பல் வைத்தியம் எல்லாம் முடிய வேண்டும். இவற்றுக்கு நடுவேதான் திருப்பதி, பழனி, திருநள்ளாறு, இராமேசுவரம் ஆகிய எல்லாமும். திரும்பி வந்தபின், “பத்துக் கோயிலுக்குப் போனோம், ஆனால் ஒரு கோயிலிலும் நின்று கும்பிட்ட நினைவில்லை” என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. குலதெய்வத்தின் ஓட்டுக் கொட்டகையில் பொங்கல் வைத்ததையே ஆண்டு முழுவதும் சொல்லிச் சொல்லி மகிழ்பவர்களும் உண்டு.

ஏன் இந்த வித்தியாசம்? மனிதன் எதற்காகப் பிரயாணம் செய்கிறான், எப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறான், எதனால் திருப்தி அடைகிறான் என்ற மூன்று கேள்விகளும் சென்ற ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஒரு தனிப் படிப்பாகவே வளர்ந்துள்ளன. அதே கேள்விகளை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் கால்களாலேயே கேட்டு வந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விடுப்புக்குப் போகும் அன்பருக்கு உபயோகமான ஒரு விடை கிடைக்கிறது.

நடந்தவர்கள் சொன்னது

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் பெருமான் தமிழ் நாட்டு யாத்திரிகர்களுள் முதல் வரிசையில் நிற்பவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அவருடைய கயிலை யாத்திரையை விரிவாகக் கூறுகிறது. முதிர்ந்த வயதில் அவர் வடக்கே புறப்பட்டார். நடக்க முடியாதபோது தவழ்ந்தார். தவழவும் முடியாதபோது உடலை உருட்டிக்கொண்டு சென்றார். இந்த உடம்போடு கயிலை சேர இயலாது, திரும்புக என்று முனிவர் வடிவில் வந்த இறைவன் கூறியும் அவர் இசையவில்லை. பின்னர் ஒரு பொய்கையில் மூழ்கும்படி கட்டளை பிறந்தது. மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கே ஆணும் பெண்ணுமாக எதிர்ப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் சிவமும் சக்தியுமாகவே கண்டார். திருவையாறே கயிலையாகத் தெரிந்தது. இன்றும் ஆடி அமாவாசையன்று அத்தலத்தில் அந்தக் காட்சி விழாவாக நடைபெறுகிறது.

சேர நினைத்த இடம் வேறு, சேர்ந்த இடம் வேறு. ஆனாலும் குறை என்று ஒன்றுமில்லை. தேர்ந்த இடத்துக்கும் கிடைத்த நிறைவுக்கும் உள்ள உறவைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எந்த ஆராய்ச்சியும் பேசியதில்லை.

அப்பருக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் பாடல் பெற்ற தலங்கள் 276 என்றும், திவ்விய தேசங்கள் 108 என்றும் கணக்கு வகுக்கப்பட்டது. தலந்தோறும் தலபுராணங்கள் எழுந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஒருவரே இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை இயற்றியவர். அந்தத் தீர்த்தத்தில் யார் நீராடி என்ன பெற்றார், அந்த மூர்த்தியை யார் வழிபட்டு எந்தத் துன்பம் நீங்கினார் என்பவற்றை ஊர் ஊராக எடுத்துரைத்தவை அவை. இன்றைய சுற்றுலாத் துறையினர் வண்ண ஏடுகளால் செய்ய முயலும் காரியத்தை அவை பக்தியோடு செய்தன.

வழியில் தங்கவும் உண்ணவும் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரப் பாதையில் பல சத்திரங்களைக் கட்டினார்கள். அவற்றுள் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் புகழ்பெற்றது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் இச்சத்திரங்களின் நடைமுறையை விவரித்துள்ளார். வருகிற எல்லாச் சாதியாருக்கும் உணவு உண்டு. நோயுற்ற யாத்திரிகருக்கு வைத்தியரும் மருந்தும் உண்டு. குணமாகும் வரை தங்கிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கவனிப்பு உண்டு. வழிப்போக்கர் மனநிறைவோடு செல்ல வேண்டும் என்ற பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. சரபோஜி மன்னரே 1820-இல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை புறப்பட்டார். அவருக்கு முன்பே, 1813-இல், நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் தமிழ் யாத்திரிகருக்காகச் சத்திரம் நிறுவியிருந்தனர்.

அந்தக் காலத்து யாத்திரையின் உண்மையான முகத்தைக் காட்டும் நூல் ஒன்று தெலுங்கில் இருக்கிறது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830 மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டார். ஹைதராபாத், நாகபுரி, பிரயாகை, காசி, கயை, கல்கத்தா, பூரி வழியாகச் சுற்றி 1831 செப்டம்பரில் திரும்பினார். பல்லக்கு, கூடாரம், பணியாட்கள் சகிதமான பயணம். அவருடைய குறிப்புகள் 1838-இல் நூலாக வெளிவந்தன. அதில் தெய்வ தரிசனம் எவ்வளவு உண்டோ, அவ்வளவு குடிநீரும் உண்டு. எந்த ஊரில் எந்தப் பண்டம் கிடைக்கும், எந்தப் பாதை மோசம், எந்த ஊர் மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எழுதிக்கொண்டே போகிறார். பக்தி ஒருபுறம், புது ஊர் பார்க்கும் ஆவல் ஒருபுறம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் சண்டையில்லாமல் இருந்தன.

வழி சுருங்கியது

1856 ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மாதக்கணக்காக நடந்த தூரம் நாள் கணக்காகச் சுருங்கியது. ஏழை எளியவரும் வயோதிகரும் காசியையும் இராமேசுவரத்தையும் பார்க்க முடிந்தது என்றால் அது ரயிலின் புண்ணியம். அதில் ஐயமில்லை.

சுதந்திரத்துக்குப் பின் சுற்றுலா அரசாங்கத் துறையாயிற்று. இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1966-லும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-லும் தோன்றின. பஸ்ஸில் ஏறினால் பல தலங்களைப் பார்த்து இறங்கலாம் என்ற நிலை வந்தது. இன்று கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறார்கள். சூரியனார்கோயிலில் விடிந்து திருநள்ளாற்றில் இருட்டும். இதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் வழியின் நீளம் குறைந்தபோது, வழியில் மனம் பக்குவப்படுவதற்கு இருந்த அவகாசமும் சேர்ந்து குறைந்துவிட்டது.

மேல்நாட்டார் எடுத்த கணக்கு

ஏறக்குறைய இதே காலத்தில் மேல்நாடுகளில் பிரயாணிகளை ஆராய்வது ஒரு துறையாகத் தலையெடுத்தது. விமானம் ஏற வசதியிருந்தும் ஏறாமல் இருப்பவர்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்று அறிய 1960-களில் விமானக் கம்பெனிகள் விரும்பின. அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்டான்லி பிளாக், மனிதர்களின் சுபாவத்துக்கும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஊர்களுக்கும் உள்ள தொடர்பை 1974-இல் எழுதினார். பழகிய இடத்தையே நாடுவோர் ஒரு கோடி, எவரும் போகாத இடத்தை நாடுவோர் மறுகோடி, பெரும்பாலோர் நடுவில் என்பது அவர் முடிவு.

1977-இல் பார்படோஸ் தீவுக்கு வந்த உல்லாசப் பயணிகளை ஆராய்ந்த கிரஹாம் டான் என்பவர் காரணங்களை இரண்டாகப் பிரித்தார். வீட்டிலிருந்து ஒருவரைக் கிளப்பி விடுகிற காரணம் ஒன்று. போகும் ஊர் ஈர்க்கிற காரணம் மற்றொன்று. கடற்கரையும் வெயிலும் ஈர்ப்பவை. தனிமை, சலிப்பு, நாலு பேர் மதிக்க வேண்டும் என்ற ஆசை ஆகியவை உந்துபவை. உந்துவது முதலில் வருகிறது, ஈர்ப்பது பின்னால் வருகிறது என்பது அவர் கண்டது. 1979-இல் ஜான் கிராம்ப்டன் என்பவர் 39 பேரிடம் விரிவாகப் பேசி ஒன்பது நோக்கங்களைப் பட்டியலிட்டார். அவற்றில் இரண்டு மட்டுமே ஊரைச் சார்ந்தவை. ஏழு மனத்தைச் சார்ந்தவை. அந்த ஏழில் ஒன்று, குடும்பத்தாரோடு உறவைப் புதுப்பித்துக்கொள்வது. வளைகுடாவில் வாழ்பவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

திருப்தியையும் அளக்க முயன்றார்கள். 1978-இல் பிஸாமும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் கேப் காட் கடற்கரைக்கு வந்தவர்களைக் கேட்டு, திருப்தி என்பது ஒரே பொருளல்ல, எட்டுக் கூறுகளாகப் பிரிகிறது என்றார்கள். கடற்கரை, செலவு, உபசாரம், உணவு, தங்குமிடம் என்று அது போகிறது. 1980-இல் ரிச்சர்ட் ஆலிவர் என்ற அறிஞர், வாடிக்கையாளரின் திருப்தியைப் பற்றி எழுதும்போது ஒரு சூத்திரத்தைத் தெளிவாக்கினார். கிடைத்ததை மட்டும் வைத்து மனிதன் திருப்தி அடைவதில்லை. எதிர்பார்த்ததோடு கிடைத்ததை ஒப்பிட்டுத்தான் அடைகிறான் அல்லது அடையாமல் போகிறான். பிரயாண ஆராய்ச்சியாளர்கள் இதை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

கேப் காட் கணக்கைச் சபரிமலைக்குப் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? தங்குமிடம் மோசம், நெரிசல் அதிகம், காலில் கொப்புளம். எட்டுக் கூறுகளிலும் தோல்வி. ஆயினும் அடுத்த கார்த்திகையில் அதே அன்பர் மாலை போட்டுக்கொள்கிறார். ஆலிவரின் சூத்திரம் இதற்கு வழி காட்டுகிறது. 41 நாள் விரதம் இருந்தவர் வசதியை எதிர்பார்த்துப் போகவில்லை. கல்லும் முள்ளும் அவருக்கு ஏமாற்றமாக முடியாது. விரதம் என்பது உடலை மட்டும் பழக்குவதன்று. எதிர்பார்ப்பைச் சரிசெய்யும் சாதனமும் அதுவே.

நம்மவர் யாத்திரையை ஆராய்ந்தவர்கள்

நம் யாத்திரைகளைக் கூடவே நடந்து ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். புணேயைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே பண்டரிபுரத்துக்குப் போகும் கூட்டத்தோடு நடந்தார். அவருடைய கட்டுரை 1962-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வழியெல்லாம் சேர்ந்து பாடியவர்கள், சமையலுக்கு உட்கார்ந்தபோது சாதிவாரியாகப் பிரிந்ததையும் அவர் வருத்தத்தோடு பதிவு செய்தார். பக்தியின் பெருமையைச் சொல்பவர்கள் இந்த உண்மையையும் மறைக்கலாகாது.

1973-இல் சுரீந்தர் பரத்வாஜ் என்ற புவியியல் அறிஞர் வட இந்தியத் தலங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பத்ரிநாத், ஹரித்துவார் போன்ற பெருந்தலங்களிலும், ஜுவாலாஜி, நைனாதேவி போன்ற அம்மன் தலங்களிலும் யாத்திரிகர்களை நேரில் கேட்டு எழுதியது அது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தீர்கள், எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விகளிலிருந்து ஓர் ஒழுங்கு புலப்பட்டது. நாடெங்கும் பெயர்பெற்ற பெருந்தலங்களுக்கு மக்கள் பொதுவாகப் புண்ணியம் கருதியும், தீர்த்தமாடிப் பாவம் கழுவவும் வருகிறார்கள். வட்டார அளவில் பெயர்பெற்ற சிறு தலங்களுக்குக் குறிப்பிட்ட ஒரு கஷ்டத்தைச் சொல்லி முறையிட வருகிறார்கள். குழந்தை இல்லை, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வேண்டுதல் நிறைவேறியது, முடியிறக்க வேண்டும் என்பது போன்றவை.

வைத்தியத்தில் நோய் முற்ற முற்றப் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிப் போவார்கள். தெய்வ விஷயத்தில் மக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதே பரத்வாஜ் கண்டதன் சாரம். அவசரமான நோவுக்கு அருகிலுள்ள அம்மனிடம். அவசரமில்லாத மோட்சத்துக்குத் தொலைதூரக் காசிக்கு. தமிழ் நாட்டிலும் இது பொருந்தக் காணலாம். குழந்தைக்கு அம்மை போட்டால் சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டார்களே தவிர, யாரும் பத்ரிநாதருக்கு நேர்ந்துகொள்ளவில்லை. குழந்தைக்கு முதல் முடி குலதெய்வத்தின் சந்நிதியில் இறங்குகிறது. தாய் தந்தையரின் அஸ்திதான் காசிக்குப் போகிறது.

இலங்கையில் பிறந்த தமிழரான மானிடவியல் அறிஞர் வேலன்டைன் டேனியல் தமிழ் நாட்டுக் கிராமத்தாருடன் தாமும் சபரிமலைக்கு நடந்தார். 1984-இல் வெளிவந்த அவருடைய நூலில் அந்த நடையின் வலி பெரும் பங்கு வகிக்கிறது. வலி மிகும்போது நான், நீ என்ற வேற்றுமை தேய்ந்து போவதை அவர் எழுதுகிறார். இலங்கையின் கதிர்காமத்தை ஆராய்ந்த பிரையன் ஃபாஃபன்பெர்கர் 1983-இல் வேறொரு கோணத்தைக் காட்டினார். கதிர்காமத்துக்குப் பக்தியோடு காவடி எடுத்து வருவோரும் உண்டு. பஸ் நிறையப் பாட்டும் கூத்துமாக வரும் இளைஞரும் உண்டு. முன்னவர் யாத்திரிகர், பின்னவர் உல்லாசப் பயணி என்று கோடு கிழித்துப் பிரிப்பது பொய்த்தோற்றம் என்றார் அவர். வீராசாமியின் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. திருவிழா என்றால் தேரும் இருக்கும், ராட்டினமும் இருக்கும்.

புலம்பெயர்ந்தோரை அதிகம் தொடுவது எரிக் கோஹன் என்ற சமூகவியல் அறிஞர் 1979-இல் எழுதிய கட்டுரை. பிரயாணிகளை அவர் ஐந்து வகையாகப் பிரித்தார். ஓய்வுக்காகப் போகிறவர், சலிப்பைப் போக்கப் போகிறவர், பிறர் வாழ்வைப் பார்க்கப் போகிறவர், வேறு வாழ்க்கையைச் சோதித்துப் பார்க்கப் போகிறவர், கடைசியாகத் தம் வாழ்வின் மையத்தைத் தேடிப் போகிறவர். ஐந்தாம் வகையினருக்குத் தாம் வாழும் இடம் ஒன்று, உயிர் ஒட்டியிருக்கும் இடம் வேறொன்று. முன்னோரின் இடத்துக்குத் திரும்பிச் சென்று பார்ப்பவரையும் அவர் இவ்வகையில் கருதுகிறார். முசஃபாவிலிருந்து தஞ்சாவூருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விடுப்பில் போகும் அன்பர் இந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறார் என்பது தெளிவு. ஆனால் அவருடன் வரும் பிள்ளை அங்கே நிற்பதில்லை. அமீரகத்தில் பிறந்து வளர்ந்த அந்தக் குழந்தைக்குத் தாத்தாவின் ஊர் புது ஊர். ஒரே காரில், ஒரே கோயிலுக்கு, இரண்டு விதமான பிரயாணிகள் போகிறார்கள்.

பாலைவனத்தில் ஒரு தலம்

இதே பாடத்தை இங்கேயும் காணலாம். துபாயில் இந்துக்களுக்கு வழிபாட்டிடம் 1958 முதல் இருந்து வந்தது. ஜெபல் அலியில் புதிய கோயில் 2022 அக்டோபரில் திறக்கப்பட்டது. அபூதாபிப் பகுதியில் அபு முரைக்காவில், அமீரகத் தலைமை வழங்கிய 27 ஏக்கர் நிலத்தில் எழுந்த சுவாமிநாராயண மந்திர் 2024 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. ராஜஸ்தானத்து இளஞ்சிவப்புக் கல், இத்தாலியப் பளிங்கு, ஏழு அமீரகங்களைக் குறிக்கும் ஏழு சிகரங்கள் என்று அதன் சிற்பச் சிறப்பைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். திருவேங்கடமுடையானுக்கும் ஐயப்பனுக்கும் அங்கே சந்நிதிகள் உள்ளன.

அங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் கோஹனின் ஐந்து வகையினரையும் காணலாம். சிற்பத்தைப் படம் பிடிப்பவர் ஒருவர். கோயில் என்றால் என்ன என்று அறிய வந்த அயல்நாட்டார் ஒருவர். முசஃபாவிலிருந்து வேலையாடையை மாற்றிக்கொண்டு வந்து, ஊரில் தாய்க்கு ஆபரேஷன் என்று ஐயப்பன் முன் கண்ணை மூடி நிற்பவர் ஒருவர். கட்டடம் ஒன்றே. அவரவர் கொண்டு வந்த பாத்திரத்துக்குத் தக்கபடி அவரவருக்குக் கிடைக்கிறது.

விடுப்புக்கு முன் கேட்க வேண்டியது

வைத்தியர் மருந்து எழுதுமுன் நோயாளியிடம் என்ன உபத்திரவம் என்று கேட்கிறார். பட்டியல் எழுதுமுன் குடும்பத்தார் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுவே. நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறதா? அப்படியானால் அந்தத் தலம் ஒன்றுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவது நலம். வேறு எட்டுத் தலங்களை அதோடு சேர்த்துக் கட்டினால் கடன் தீர்ந்த நிம்மதி கூட்டத்தில் தொலைந்து போகும். பெற்றோருக்கு நெடுநாள் ஆசை ஏதேனும் உண்டா? அது பெரும்பாலும் அருகிலுள்ள கோயிலாகவே இருக்கும். மகன் கைபிடித்து அழைத்துப் போவதுதான் அவர்களுக்குத் தரிசனம். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்? யானையும் தெப்பக்குளமும் கோபுரத்துப் புறாவும் போதும். அவற்றைப் பார்க்க விட்டால் மூர்த்தியிடம் தாமாக வருவார்கள். சிற்பம் பார்க்கும் ஆவலா? அதுவும் குற்றமன்று, அதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் அவசரமில்லாத ஒரு காலைப்பொழுது வேண்டும்.

எண்ணிக்கையைக் குறைத்தால் பக்தி குறைந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. புறப்படுமுன் ஒரு வாரமாவது மாலையில் விளக்கேற்றி, போகப்போகும் தலத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால், முன்னோர் மாதக்கணக்காக நடந்து பெற்ற பக்குவத்தில் ஒரு பங்கு வீட்டிலேயே கிடைத்துவிடும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடு இது. இதற்குச் செலவும் இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் அட்டவணைகளோடு வந்து சேர்ந்த முடிவும், திருவையாற்றுக் குளத்தில் எழுந்த அப்பர் கண்டதும் ஒன்றையே சொல்கின்றன. திருப்தியின் பெரும்பகுதி, வண்டி ஏறுமுன்னரே மனத்தில் தீர்மானமாகிவிடுகிறது. அதைத் தெரிந்து புறப்படுகிறவர் ஒரே ஒரு கோயிலுக்குப் போய் வந்தாலும் அவருடைய யாத்திரை நிறைவானதே.